ஒரு தரம், ரெண்டு தரம், ஓ.டி.பி.

எங்கள் பக்கத்தில் ஏலம் என்றால் முதலில் மீன்தான். நகை ஏலம், ஜப்தி ஏலம், கோயில் நிலக் குத்தகை ஏலம், ஏலச்சீட்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். எழுபதுகளில் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் விடிந்து கொஞ்ச நேரத்தில் கட்டுமரங்கள் கரையேறும். வலையை உதறி, மீனைத் தரம் பிரித்து மணலில் குவிப்பார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அம்மா நடுவில் வந்து நிற்பார். சுற்றிலும் கூடைக்காரப் பெண்கள், கேரியரில் பெட்டி கட்டிய சைக்கிள் வியாபாரிகள், ஓரத்தில் பையும் கையுமாக என்னைப் போல் வீட்டுக்கு வாங்க வந்த நாலு பேர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு மட்டும் தனி வகுப்பு நடக்கும்.

“கிட்ட வாப்பா. செவுளத் தூக்கிப் பாரு, செவப்பா இருக்குதா? கண்ணு பளிச்சுனு இருக்குதா? வயித்த அமுக்கிப் பாரு, குழி வுழாம எழும்புதா? இதெல்லாம் பாத்துட்டு அப்பறம் வாயத் தொற. எடுத்தப்பறம் அழுவக் கூடாது.”

அந்த அம்மாவுக்கு விற்றதில் கழிவு உண்டு; விலை ஏறினால் அவருக்கும் லாபம். ஆனாலும் வாங்குகிறவனுக்குச் செவுளைத் திறந்து காட்டுவதில் அவர் குறை வைத்ததில்லை. மறுநாளும் அதே முகங்கள்தானே வந்து நிற்கப்போகின்றன.

விலையைச் செயற்கையாக ஏற்றிவிட ஆள் வைப்பது அப்போதும் இருந்தது. படகுக்காரரின் மச்சான் வியாபாரி மாதிரி நடுவில் நின்று கேட்டு வைப்பார். ஆனால் கரையில் யார் யாருக்கு மச்சான் என்பது குழந்தைக்கும் தெரியும். விலை நியாயத்தைத் தாண்டியதும் கூடைக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தி, “மச்சானே எடுத்துக்கட்டும்டி, வா போவலாம்” என்பாள். மூணு தரம் ஆகிவிடும். வெயில் ஏற ஏற மச்சான் அந்தச் சீலா மீன் குவியலோடு தனியாக உட்கார்ந்திருப்பார். மோசடிக்கு இதைவிட வேகமான தண்டனையை நான் எந்தச் சட்டத்திலும் பார்க்கவில்லை.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவு. சுத்தியல் விழும்போதோ அல்லது அந்த ஏலத்துக்கு வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். தானும் கேட்பேன் என்று முன்கூட்டியே அறிவிக்காத விற்பனையாளர், தானும் கேட்கக் கூடாது, தனக்காக ஆளையும் நிறுத்தக் கூடாது. பொய்க் கேள்வி வைத்து விலையை ஏற்றினால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையையே செல்லாததாக்கிவிடலாம். இந்தச் சட்டத்தைச் சதுரங்கப்பட்டினத்தில் யாரும் படித்ததில்லை. மச்சானைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஏலத்துக்கு வர வேண்டிய மீனைக் கட்டுமரத்துக்குப் பின்னால் தனியாகக் கைமாற்றினால் ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம் கட்ட வேண்டும். விற்றவருக்கும் சரி, வாங்கியவருக்கும் சரி, மரியாதை போய்விடும். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பார்த்த வரையில், இணையத்தில் வாங்கப்போய் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் ஏலக்கூட்டத்தை விட்டு யாரோ கூப்பிட்டான் என்று கட்டுமரத்துக்குப் பின்னால் போனவர்கள்தான்.

அந்தக் காலம் யோக்கியமான காலம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வலைக்கும் மரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம், ஏலத்தில் விலை எப்படிப் போனாலும் அந்த வியாபாரிக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஏலம் என்ற பெயரில் நடந்த பாதி, வட்டிக் கணக்கு. கரைக்கு மேலே டச்சுக் கம்பெனியின் கோட்டை நிற்கிறது. இந்தக் கரையோரத்துத் துணிகளைக் கப்பலேற்றி, ஹாலந்தில் ஏலத்தில் விற்றுப் பணம் பார்த்த கம்பெனி அது. நெய்தவர் எவருக்கும் அங்கே என்ன விலை போனது என்று தெரிந்திருக்காது. டச்சு நாட்டுப் பூச்சந்தையில் இன்றைக்கும் ஏலம் மேலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அமுக்கியவருக்குச் சரக்கு. எங்கள் ஊரில் கோட்டையை மட்டும் விட்டுப் போனார்கள்.

அடுத்த வகை ஏலம் தண்டோராவோடு வரும். நீதிமன்ற ஜப்தி ஏலத்துக்குப் பறையடித்து அறிவிக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆள் வைத்துத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி 2022இல் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார். பறையடிக்க வைக்கப்பட்டவர்களை நினைத்தால் அது எப்போதோ நடந்திருக்க வேண்டியது. ஜப்தி ஏலத்தில் பொருள் வாங்குவதை எங்கள் வீட்டில் பாவமாக நினைத்தார்கள். “அழுத வீட்டு அண்டா” என்பாள் பாட்டி. மெட்ராஸில் அப்படியில்லை. மவுண்ட் ரோட்டு மர்ரே கம்பெனி ஏலத்தில் துரைமார்களின் மேசை நாற்காலியை வாங்கிப் போட்டவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த மர்ரே கம்பெனியின் எஸ். ராஜம்தான் ஐம்பதுகளில் சங்க நூல்களையும் காப்பியங்களையும் சந்தி பிரித்து மலிவு விலையில் போட்டவர். ஏலக் கழிவில் எட்டுத்தொகை வந்தது. தமிழுக்கு இப்படியும் ஒரு வரவு.

பார்க்காமல் வாங்கும் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது இணையம் அல்ல, வி.பி.பி. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு 1877லேயே வந்துவிட்டது. எங்கள் தலைமுறைக்கு அதை அறிமுகம் செய்தவை பத்திரிகை விளம்பரங்கள். ஒன்பது கட்டம் இருக்கும். எப்படிக் கூட்டினாலும் 15 வரும்படி எண்களை நிரப்பி அனுப்பினால், டிரான்சிஸ்டர் ரேடியோ பாதி விலைக்குப் பரிசு. முகவரி டெல்லியாகவோ அதற்கும் வடக்காகவோ இருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் செங்கல்பட்டில் கல்லூரி மாணவர், கணக்கில் புலி. நடுக்கட்டத்தில் 5 போட்டு ஒரு நிமிஷத்தில் நிரப்பிவிட்டார். வாழ்த்துக் கடிதம் வந்தது. அவர் அறிவாளி என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினார். பிறகு பார்சல் வந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் தபால்காரர் கையை எடுப்பார். முதலில் பிரித்துப் பார்க்கிறேன் என்றால் விதி இடம் கொடுக்காது. அன்று தெருவே கூடி நின்றது. மேலே துணி, அதற்குள் இந்திப் பத்திரிகைக் காகிதம், அதற்குள் இன்னும் இந்திப் பத்திரிகை, கடைசியில் ரேடியோ வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. முள் மட்டும் நகர்ந்தது, பாட்டு வரவில்லை. உள்ளே எடைக்கு ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்கள்.

தபால்காரர்தான் முதலில் பேசினார்: “தம்பி, இந்த மாசம் இது எத்தனையாவது கட்டைன்னு எனக்குத் தெரியும். சொல்லத்தான் எனக்கு அதிகாரம் இல்ல.”

அண்ணன் கடைசிவரை ‘ரிப்பேர்’ என்றே சொல்லிவந்தார். அந்த டப்பாவை ஷெல்பில் வைத்து ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைத்தார்.

அந்த விளம்பரக்காரர்களை இப்போது நினைத்தால் மரியாதை வருகிறது. மனிதனை வீழ்த்த அறிவைப் புகழ்ந்தால் போதும், ஆசையைத் தூண்டவே வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய தளங்கள் ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’, ‘17 பேர் இப்போது பார்க்கிறார்கள்’ என்று அவசரப்படுத்துகின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பொய்யான அவசரம் காட்டுவதையும் தடுக்கப்பட்ட தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஒன்பது கட்டக்காரர்கள் யாரையும் அவசரப்படுத்தியதில்லை. நிதானமாகக் கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

இணைய ஏலம் எங்கள் ஊருக்கு வந்தது பிரவுசிங் சென்டர் வழியாக. 2000இல் பாஸி.காம் என்ற இந்திய ஏலத் தளம் தொடங்கியது. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஒரு சென்டர். தடுப்புப் பலகை, தேய்ந்த கீ-போர்டு, மணிக்கு இவ்வளவு என்று அட்டை. என் நண்பர் ஒருவர், அஞ்சலக ஊழியர், ஆபீஸ் முடிந்ததும் அங்கே போய்விடுவார். அவருக்குப் பழைய கேமராக்கள் மேல் பைத்தியம். அக்பா கிளிக் 3 ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. விற்பவர் புனேக்காரர்.

தேர்ந்த ஏலக்காரர் எப்படி இருப்பார் என்பதை அந்த மனிதரிடம்தான் பார்த்தேன். முதலில் விற்பவரின் பழைய விற்பனைகளைப் பற்றி வாங்கியவர்கள் எழுதிய குறிப்புகளை எடுப்பார். பாராட்டுகளைத் தொடவே மாட்டார், திட்டியவை மட்டும். “பாராட்ட மச்சான் வருவான். திட்டுறதுக்குக் காசு கொடுத்தவன் மட்டும்தான் வருவான்” என்பார். பிறகு லென்ஸில் பூஞ்சை உண்டா, ஷட்டர் அடிக்கிறதா, உறை தைத்ததா கிழிந்ததா என்று கேள்வி அனுப்புவார். பதில் வந்தால் அதைக் காகிதத்தில் பிரதி எடுத்துக்கொள்வார். தான் தரத் தயாரான உச்ச விலையைச் சட்டைப் பையில் இருக்கும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதுவார், தபால் செலவையும் சேர்த்து. ஏலம் சூடு பிடிக்கும்போது அந்த டிக்கெட்டை எடுத்து மானிட்டர் மேல் ஒட்டிவிடுவார். அதற்குமேல் ஒரு ரூபாய் ஏறினாலும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

உச்ச விலையை முன்கூட்டியே தளத்திடம் சொல்லிவிடலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். 900 என்று பதிந்து வைத்தால், அது யாருக்கும் தெரியாது. எதிராளி 600 வரை வந்து நின்றுவிட்டால், அதற்கு மேல் ஒரு படி வைத்து நமக்கு முடித்துவிடும். 900 கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மனிதர்கள் கடைசி நொடிவரை ஒளிந்திருந்து அடிப்பார்கள். ஏன் என்று ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்கள். குறித்த நேரத்தில் கதவைச் சாத்தும் ஈபேயில் கடைசி நிமிஷக் கூட்டம் அதிகம். புதிதாக ஒருவர் கேட்டால் நேரத்தை நீட்டித்துத் தந்த அன்றைய அமேசான் ஏலத்தில் குறைவு என்று கண்டார்கள். ராத் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார். எங்கள் கரை ஏலத்தில் கடிகாரம் கிடையாது. கடைசி வாய் மூடும்வரை நடக்கும். அதற்கு யாரும் பரிசு தரவில்லை.

கேமரா வந்து சேர்ந்தது. சொன்னபடியே சுத்தம். உள்ளே புனேக்காரர் கைப்பட ஒரு கடிதமும் வைத்திருந்தார். ஒரே ஒரு குறை. அதற்கு 120 பிலிம் வேண்டும். செங்கல்பட்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் ஒருவர், “சார், அந்தப் பிலிம் போட்டுக் கொடுத்த எங்கப்பாவே போயிட்டாரு” என்றார்.

பாஸியை 2004இல் ஈபே வாங்கியது, சுமார் 5 கோடி டாலருக்கு. அதே ஆண்டு டிசம்பரில் யாரோ ஒருவர் விற்பனைக்குப் போட்ட ஆபாசக் காணொளிக்காக அதன் தலைமை நிர்வாகியைக் கைது செய்தார்கள். ஏலக்கூடம் நடத்துபவர், அங்கே விற்கப்படும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பா என்று நாடு முழுக்க வாதம். எங்கள் கரையில் அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த மாதம் 26ஆம் தேதி கடல் வந்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2012இல்தான் அந்த நிர்வாகியின் தலையிலிருந்து இறங்கியது. நடுவில், 2008இல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தினார்கள். உரிய கவனத்தோடு நடந்துகொள்ளும் தளம், வெறும் இடைத்தரகர். பிறர் செய்யும் குற்றத்துக்குப் பொறுப்பில்லை. வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய வரி இது. பெரிய தளத்தில் இருக்கிறது என்பதாலேயே பொருள் அந்தத் தளத்தின் பொருள் ஆகிவிடாது.

அந்த ஈபே இந்தியாவில் பைசாபே என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பணம் முதலில் தளத்திடம் போய் நிற்கும். பொருள் கைக்கு வந்த பிறகுதான் விற்றவருக்குப் போகும். நம் தபால்காரருக்கு இல்லாத அதிகாரம் அது. மக்கள் அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கமிஷன் மிச்சம் என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் பேசி முடித்தார்கள். சிலருக்கு ஏலம் முடிந்த பிறகு கடிதம் வரும்: ‘ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன், பணத்தை நேரே அனுப்புங்கள்.’ கரையில் மீனோடு தனியே உட்கார்ந்திருந்த அதே மச்சான்தான். இங்கே அவர் மீனை உங்கள் தலையில் கட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார். 2018 ஆகஸ்ட் 14ஆம் தேதியோடு ஈபே இந்தியா தளம் மூடப்பட்டது. இன்று பழைய பொருள் விற்கும் தளங்களில் பல வெறும் விளம்பரப் பலகைகள். பணத்தை நடுவில் பிடித்து வைக்க ஆள் இல்லை. பேரம் வாட்ஸப்பில், பணம் யு.பி.ஐ.யில். எல்லாமே கட்டுமரத்துக்குப் பின்னால்.

அங்கே நிற்பவர் பெரும்பாலும் ராணுவ வீரர். தாம்பரம் விமானப் படைத் தளத்திலோ பரங்கிமலையிலோ பணி. திடீர் மாற்றல், ஸ்கூட்டரைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, சீருடைப் படம் எல்லாம் கேட்காமலே வரும். நேரில் பார்க்க வருகிறேன் என்றால் முகாமுக்குள் வெளியாருக்கு அனுமதி இல்லை. ராணுவப் பார்சலிலேயே அனுப்பிவிடுவார், அதற்குக் கட்டணம் மட்டும் முதலில். எங்கள் தெருவில் ஒருவர், ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க், பார்சல் கட்டணம், காப்பீடு, ஜி.எஸ்.டி. என்று மூன்று தவணை கட்டினார். “ராணுவத்துல பொய் சொல்ல மாட்டாங்கப்பா” என்பதே அவர் வாதம். அவர் சொன்னது சரிதான். சொன்னவர் ராணுவத்தில் இல்லை. வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டிருந்தால் எந்த ஊர் வண்டி, கடன் பாக்கி உண்டா, தகுதிச் சான்று எதுவரை என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

விற்கப்போனவரும் தப்புவதில்லை. டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகிறது என்று ஒரு காணொளி சுற்றுகிறது. நோட்டின் படத்தைப் போட்டால் உடனே ஒருவர் கூப்பிடுகிறார், பேரமே பேசாமல் சம்மதிக்கிறார். பிறகு ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒன்று வரும். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள், யாருக்கும் அந்த அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. இன்னொரு வகை, கியூ.ஆர். கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்து சேரும் என்பது. பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டியதில்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகிறது என்றுதான் பொருள். மீன் விற்ற அம்மாவிடம் மடிப்பையை நம்மிடம் கொடுக்கச் சொன்னால் கொடுத்திருப்பாரா?

மாமல்லபுரத்துக்கு வந்தால் மோசடியே ஒரு கலையாகிவிடுகிறது. ஐந்து ரதம் போகும் வழியில் பட்டறைகள். முன்பு உளிச் சத்தம், இப்போது கிரைண்டர் சத்தமும் வெள்ளைத் தூசியும். மாமல்லபுரக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவர் கைபேசியைக் காட்டினார். அவர் பட்டறையில், அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் விநாயகர், எங்கோ ஒரு தளத்தில் ‘பழங்காலச் சிலை, ஏலம்’ என்று நின்றது. “போன தை மாசம் அடிச்சது சார். அதுக்குள்ள பல்லவர் காலம் ஆயிடுச்சி” என்றார். படத்தை எடுத்துத் தேடுபொறியில் போட்டால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். அவருடைய பேரன்தான் அப்படிப் போட்டுக் கண்டுபிடித்தானாம்.

பழஞ்சிலை வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய சிற்பம் தொல்பொருள். விற்க உரிமம் வேண்டும், வைத்திருக்கப் பதிவு வேண்டும், நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோகவே முடியாது. தமிழ்நாட்டில் சிலைக் கடத்தலைப் பிடிக்கவே காவல் துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆக, ஏலத்தில் வந்த சிலை பொய் என்றால் பணம் போச்சு. நிஜம் என்றால் போலீஸ் வரும். புதுச் சிலையைப் பட்டறையிலேயே பார்த்துப் பேசி வாங்கினால் இரண்டும் இல்லை. விலையும் குறைவு.

இப்போது எங்கள் மாவட்டத்தில் பெரிய ஏலம் மனை ஏலம்தான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது, ஈ.சி.ஆர். நெடுக மனை விலை கிறுகிறுக்கிறது. கடன் கட்டாத சொத்துகளை வங்கிகள் சர்ஃபேசி சட்டப்படி இணையத்தில் ஏலம் விடுகின்றன. பொதுத்துறை வங்கிகளுக்காக 2025 தொடக்கத்திலிருந்து பேங்க்நெட் என்ற தளமே இயங்குகிறது. அக்கா மகன் மறைமலைநகரில் வேலை பார்க்கிறான். மாமல்லபுரத்தை ஒட்டி ஒரு மனையைக் கைபேசியில் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

“மாமா, மார்க்கெட் ரேட்டைவிட ரொம்பக் கம்மி. பேங்க்கே விக்குது. பேங்க் பொய் சொல்லுமா?”

“பேங்க் பொய் சொல்லலடா. அறிவிப்ப முழுசாப் படிச்சியா?”

படிக்கவில்லை. ஏலத்தில் சேர முன்வைப்புத் தொகை எவ்வளவு என்பது வரை படித்து நிறுத்தியிருந்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீதியைப் படித்தேன். ‘எங்கு உள்ளதோ அங்கு உள்ளபடி, எப்படி உள்ளதோ அப்படி’ என்று ஒரு வரி. சொத்தின் மேல் யாருக்கு என்ன பாத்தியதை இருந்தாலும் அது வாங்குகிறவர் பாடு என்று அதற்குப் பொருள். பழைய மின் கட்டண பாக்கிகூட நம் தலைக்கு வரலாம். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அடுத்து, சொத்து வங்கியின் ‘அடையாள சுவாதீனத்தில்’ இருக்கிறது என்றிருந்தது. அதாவது காகிதத்தில் வங்கி, இடத்தில் வேறு யாரோ. ஏலம் நம் பெயருக்கு விழுந்தால் 25 சதவீதத்தை அன்றைக்கோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ கட்ட வேண்டும். மீதியைப் பொதுவாக 15 நாளில். வீட்டுக் கடன் கிடைக்கத் தாமதமானது என்று நின்றுவிட்டால் கட்டியது போயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், முழு 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோடிக்கணக்கில் போன தொகை அது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நேரில் போனோம். படத்தில் பச்சைப் பசேல் என்று இருந்த மனை, நேரில் கருவேலங்காடு. அளவுக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, துருப்பிடித்த நீலப் பலகை: பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தப்படி, அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாமல்லபுரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சின்னம் இருக்கும். கடல் பக்கம் திரும்பினால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். ஊரை விட்டு உள்ளே தள்ளிப் போனால் ஏரிப் புறம்போக்கு. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கியதன் விலை அது. வில்லங்கச் சான்றில் இவற்றில் எதுவும் வராது. பட்டா, புல வரைபடம், கிராம நிர்வாக அலுவலர், கடைசியாகப் பக்கத்து டீக்கடைக்காரர் என்று நாலு இடத்தில் கேட்க வேண்டும்.

டீக்கடைக்காரர்தான் செவுளைத் தூக்கிக் காட்டினார். “அந்த எடமா? இதோட மூணாவது தடவ ஏலத்துக்கு வருது சார். எடுக்க வர்றவங்க எல்லாம் இங்கதான் டீ குடிச்சிட்டுத் திரும்பிப் போவாங்க.”

பையன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். இன்னொரு மனை பார்த்து வைத்திருக்கிறானாம், மதுராந்தகம் பக்கம். அறிவிப்பை முழுசாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன் மாமா என்றான். அந்த அளவில் எனக்குத் திருப்தி.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ரேடியோ டப்பாவை வாங்கிய அண்ணனுக்குப் போய்ச் சொல்ல இடம் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளம், விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரே வாங்கியவர் போல வேஷம் போட்டுப் பாராட்டு எழுதக் கூடாது. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே செங்கல்பட்டிலேயே நுகர்வோர் ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இவை அத்தனையும் ஏலக்கூட்டத்துக்குள் நின்று வாங்கியவர்களுக்குத்தான். தளத்தில் நடந்த பேச்சு, தளத்தின் வழியே போன பணம், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, இவை இருந்தால் ஆணையத்தில் பேசலாம். வாட்ஸப்பில் கிடைத்த கேன்டீன் அட்டையை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது?

அப்படிப் போனவர்களுக்கு மிஞ்சுவது சைபர் குற்ற உதவி எண். பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால், அது கைமாறும் வழியிலேயே வங்கிகளைப் பிடித்து முடக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் யோசித்துக் கூப்பிட்டால் வாய்ப்பு குறைவு. ஹெட் கிளார்க் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டில் சொன்னார். நீங்கள் வெட்கப்பட வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். எண்ணும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம்: ஏலச் சட்டம் வந்த அதே ஆண்டு, 1930.